வந்த கண் வாழவேண்டும்!

மன்னன் கண்ணல்ல, மடாதிபதி கண்ணல்ல, ஒரு கூலிக்காரர் கண்! கண்மாற்று மருத்துவத்தின் முதல் வெற்றி அங்கேதான் பிறந்தது, தோழர்களே! 1905 டிசம்பர் 7. இன்று செக் நாட்டிலுள்ள ஒலொமோட்ஸ் நகர், அன்று ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. சுண்ணாம்பு பட்டு இரு கண்ணும் வெந்த ஒரு தொழிலாளிக்கு, அடிபட்டு அகற்றப்பட்ட ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கார்னியாவை எடுத்துப் பொருத்தினார் மருத்துவர் எட்வர்ட் சிர்ம். ஒரு கண்ணில் நிலைக்கவில்லை. மறு கண் ஒளி பெற்றது. அவர் வேலைக்கும் திரும்பினார்.

பொருத்திவிட்டால் போதுமா? போதாது!

கார்னியா, கண்ணின் முகப்புக் கண்ணாடி. அதில் இரத்தக் குழாய் இல்லை. ஆதலால் உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. மற்ற உறுப்புகளைவிட அது எளிதாக ஒட்டுவது அதனால்தான். ஆனால் சுண்ணாம்போ அமிலமோ பட்ட கண்ணில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. படைக்குப் பாதை கிடைக்கிறது! வந்தது அயல் என்று கண்டதும் தாக்குகிறது. பலியாவது உட்புற அணு வரிசை. நீரை இறைத்து வெளியேற்றுவது அதுதான். மாண்டால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. நீர் கோத்து, கண்ணாடி மங்குகிறது.

இதைத் தடுக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்து உண்டு. நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தெருவிலே கலவரம் என்றால் ஊர் முழுவதும் தடையுத்தரவு போடுவது போன்றது அது! நெடுநாள் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். எனவேதான் குறிபார்த்து அடிக்கும் மருந்துகளைத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் 2004-இல் குடற்புற்றுக்கென அனுமதிக்கப்பட்ட பெவாசிசுமாப், குழாய் முளைக்கத் தூண்டும் புரதத்தை மட்டும் பிடித்துக் கட்டுகிறது. டாக்ரோலிமஸ், தாக்கும் அணுக்களுக்குக் கட்டளை போகும் வழியை அடைக்கிறது. ஆய்வு முடிந்தபாடில்லை; இன்றும் முதற்காவல் ஸ்டீராய்டே.

நமக்குக் கவலை வேறொன்று. “பார்வைதான் வந்துவிட்டதே, சொட்டு எதற்கு?” என்று நிறுத்திவிடும் தோழர்கள் உண்டு. மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடுவோரும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல மாட்டோம். கூலியோடு விடுப்புத் தராத முதலாளியைத்தான் கேட்போம்! ஆனால் சிவப்பு, கூச்சம், வலி, மங்கல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போங்கள். தாக்குதல் தொடக்கத்திலேயே பிடிபட்டால், பல கண்களில் அதை அடக்கிவிட முடிகிறது.