நீலப் பட்டையிலிருந்து கல் வரப்புக்கு

2010 ஜூலையில் லண்டன் மாநகரம் தன் முதல் இரண்டு ‘சைக்கிள் சூப்பர்ஹைவே’களைத் திறந்தது. கிழக்குப் புறநகரிலிருந்து ஒன்றும் தெற்கே மெர்ட்டனிலிருந்து ஒன்றும் நகர மையத்துக்கு வந்து சேர்ந்தன. மேயர் கென் லிவிங்ஸ்டன் 2008இல் அறிவித்து, அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் நிறைவேற்றிய திட்டம் இது. பெரும்பாலான இடங்களில் சாலையின் இடது ஓரத்தில் நீல வண்ணம் பூசியதோடு வேலை முடிந்தது. பேருந்தும் லாரியும் அந்தப் பட்டையின் மேலேயே ஓடின. சைக்கிளுக்கும் பல டன் எடையுள்ள வண்டிக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை.

2011 ஜூலையில் ஆல்ட்கேட்டிலிருந்து கிழக்கே ‘போ’ ரவுண்டானா வரை இன்னொரு பாதை திறக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த ரவுண்டானாவில் இரண்டு பேர் சைக்கிளில் சென்றபோது லாரி மோதி இறந்தார்கள். 2013 அக்டோபரில், இந்தப் பாதையில் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்த மரண விசாரணை அதிகாரி, நீலப் பட்டை பாதுகாப்பாக இருப்பதான பொய்யான நம்பிக்கையை ஊட்டுகிறது என்று எச்சரித்தார். அடுத்த மாதமே லண்டன் சாலைகளில் இரண்டு வாரத்துக்குள் ஆறு சைக்கிளோட்டிகள் உயிரிழந்தார்கள். போக்குவரத்துத் துறையின் தலைமை அலுவலகத்துக்கு முன்னால் நூற்றுக்கணக்கானோர் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டுச் சாலையில் படுத்துப் போராடினார்கள்.

இந்த மரணங்கள் பலவற்றில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறது. பிரிட்டனிலும் இந்தியாவைப் போலவே வண்டிகள் இடப்பக்கம் செல்கின்றன. சிக்னலில் நிற்கும் லாரியின் இடது ஓரமாகச் சைக்கிள் முன்னேறி வருகிறது. உயரமான கேபினில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்குத் தன் இடது முன்மூலையை ஒட்டி நிற்பவர் தெரிவதில்லை. விளக்கு பச்சையாகிறது, சைக்கிள் நேரே போகிறது, லாரி இடப்பக்கம் திரும்புகிறது. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்ளொடுங்கித் திரும்புவதால் ஓரத்தில் இருப்பவருக்கு விலக இடமே கிடைப்பதில்லை. கீழே விழும்போது தலையைக் காப்பதற்கான ஹெல்மெட் இங்கே உதவாது. இடது ஓரத்தில் நீலப் பட்டை போடுவது, மிக ஆபத்தான அந்த இடத்துக்கே சைக்கிளோட்டியை அழைத்துச் செல்வதாகும்.

திட்டம் மாறத் தொடங்கியது 2013 மார்ச்சில். லண்டன் சைக்கிளோட்டிகள் சங்கம் முந்தைய ஆண்டு நடத்திய பெரிய இயக்கத்துக்குப் பிறகு, பத்தாண்டுகளில் 91.3 கோடி பவுண்டு செலவிடுவதாக மேயர் அறிவித்தார். 2016இல் தேம்ஸ் நதிக்கரையை ஒட்டிய கிழக்கு-மேற்குப் பாதையும், அதைக் குறுக்கே வெட்டும் வடக்கு-தெற்குப் பாதையும் திறக்கப்பட்டன. இவற்றில் சைக்கிளுக்கும் மற்ற வண்டிகளுக்கும் நடுவே வயல் வரப்பைப் போல நீளக் கல்கட்டு ஓடுகிறது. கார்களிடமிருந்து ஒரு தடத்தையே எடுத்துக்கொண்டதால் எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. ஆனால் திறந்த சில மாதங்களில் எடுத்த கணக்குப்படி, நெரிசல் மிகுந்த இடங்களில் சாலைப் பரப்பில் 30 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்ட சைக்கிள் தடம், அங்கே செல்லும் மக்களில் 46 சதவீதம் பேரைச் சுமந்தது. சாலையின் பயனை வண்டிகளின் எண்ணிக்கையால் அளப்பதா, மனிதர்களின் எண்ணிக்கையால் அளப்பதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது கடினம்.

தடுப்புக் கல் நேர்ச்சாலையில்தான் காக்கும். சந்திப்பில் அது முடிந்தே ஆக வேண்டும். எனவே திட்டத்தின் உண்மையான சோதனை சந்திப்புகள்தான். ‘போ’ ரவுண்டானாவில் 2012இலேயே சைக்கிளோட்டிகள் சில விநாடி முன்னதாகப் புறப்படும்படி தனி விளக்கு வைத்தார்கள். அப்படியும் 2013 நவம்பரில் அங்கே இன்னொருவர் இறந்தார். முன்னதாகப் புறப்படும் வசதி, சிவப்பு எரியும்போது வந்து நின்றவருக்கு மட்டுமே பயன்படும்; பச்சை எரியும்போது வந்து சேர்பவருக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை. 2016 பாதைகளில் பல சந்திப்புகள் வேறு விதமாக அமைந்தன. சைக்கிள் நேரே செல்லும் நேரம் முழுவதும் இடப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்குச் சிவப்பு எரிகிறது. வலப்பக்கம் திரும்ப வேண்டிய சைக்கிள் சாலை நடுவுக்குப் போக வேண்டியதில்லை. முதலில் நேரே கடந்து, ஓரத்தில் நின்று, அடுத்த பச்சையில் குறுக்கே போகலாம்.

லாரியையே மாற்றும் வேலையும் கூடவே நடந்தது. 2015 முதல் 2017 வரை லண்டனில் நேர்ந்த சைக்கிள் மரணங்களில் 63 சதவீதத்தில் கனரக லாரிகள் சம்பந்தப்பட்டிருந்தன. நகரில் வண்டிகள் ஓடும் மொத்தத் தொலைவில் அவற்றின் பங்கு 4 சதவீதம்தான். 2015 செப்டம்பரிலிருந்து பக்கவாட்டுத் தடுப்பும் கூடுதல் கண்ணாடிகளும் கட்டாயமாயின. பின்னர், ஓட்டுநர் தன் கண்ணால் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு லாரிக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறை வந்தது. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 2021 மார்ச்சிலிருந்து குறைந்தது ஒரு நட்சத்திரமும், 2024 அக்டோபரிலிருந்து மூன்று நட்சத்திரமும் வேண்டும். இல்லையென்றால் கேமராவும் ஓரத்தில் வருபவரைக் கண்டறியும் சென்சாரும் பொருத்த வேண்டும். தனிப்பட்ட ஓட்டுநரின் கவனத்தை மட்டும் நம்பாமல் வண்டியின் வடிவத்தையே கேள்வி கேட்ட இந்த விதி, லண்டன் எடுத்த நடவடிக்கைகளில் மிகவும் துணிச்சலானது.

பெரிய சாலைக்கு வந்து சேர வேண்டிய தெருக்களும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். வடகிழக்கே வால்தம் ஃபாரஸ்ட் பகுதி 2014இல் ‘மினி ஹாலந்து’ திட்டத்துக்குத் தேர்வாகி, ஏறத்தாழ 3 கோடி பவுண்டு பெற்றது. குடியிருப்புத் தெருக்களைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் வண்டிகளை நிறுத்துவதுதான் அதன் மையம். தெருவின் ஒரு முனையில் கம்பங்களோ பூந்தொட்டிகளோ வைத்தால் போதும். அங்கே குடியிருப்பவர் காரில் வீட்டுக்கு வரலாம், ஆனால் அந்தத் தெருவழியே கடந்து போக முடியாது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தடையில்லை. கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சினார்கள், ஊர்வலமும் நடந்தது. ஆனால் அந்தப் பகுதியிலுள்ள ஆர்ஃபர்ட் சாலையின் கடைவீதி இன்றும் இயங்குகிறது.

யாருக்கான பாதை என்பதும் அதன் அளவிலேயே தெரிந்துவிடும். மூன்று சக்கர சைக்கிளையோ கையால் இயக்கும் சைக்கிளையோ ஓட்டும் மாற்றுத்திறனாளிகள் பலருக்கு நடப்பதைவிட ஓட்டுவது எளிது. மோட்டார் சைக்கிள்களைத் தடுக்க வைத்த வளைவுக் கம்பிகள் முதலில் தடுத்தது இவர்களைத்தான். 2020 ஜூலையில் வெளியான இங்கிலாந்தின் தேசிய வடிவமைப்பு வழிகாட்டி, 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட சைக்கிள் தடையின்றிச் செல்ல வேண்டும் என்று வரையறுத்தது. குழந்தைகளைப் பெட்டியில் அமர்த்தி ஓட்டும் பெற்றோருக்கும் அதே அகலம் பயன்படுகிறது. வண்டியை எங்கே வைப்பது என்பது இன்னொரு கேள்வி. மாடி வீட்டுக்குத் தூக்கிச் செல்ல முடியாதவர்களுக்காகத் தெருவோரத்தில் பூட்டும் கூண்டுகள் வைக்கப்படுகின்றன. அரைக் கார் நிறுத்தும் இடத்தில் ஆறு சைக்கிள் அடங்கும். காத்திருப்போர் பட்டியல்தான் நீளம்.

பேருந்து நிறுத்தங்களில் மட்டும் தீர்வு முழுமையாகக் கிடைக்கவில்லை. பேருந்து சைக்கிள் தடத்தை மறிக்காமல் இருக்க, தடம் நிறுத்தத்தின் பின்புறமாகச் சுற்றிப் போகிறது. இறங்கும் பயணி நடைபாதைக்கு வர அந்தத் தடத்தைக் கடக்க வேண்டும். ஓசையில்லாமல் வரும் சைக்கிளைப் பார்வையற்றவர் எப்படி அறிவார்? தடத்தின் குறுக்கே வரிக்கோடு போட்டு, சைக்கிள் நின்று வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது, எல்லோரும் நிற்பதில்லை. பார்வையற்றோர் அமைப்புகளின் எதிர்ப்பு நியாயமானது, அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு சாலை அமைப்பவர்களுடையது.

இவ்வளவு தெரிந்தும் சைக்கிள் பாதைகளின் வலைப்பின்னல் அறுபட்டுக் கிடப்பதற்குக் காரணம் நிர்வாகம். மேயரின் போக்குவரத்துத் துறைக்குச் சொந்தமானவை நகரின் சாலைகளில் 5 சதவீதம் மட்டுமே. மீதியை 32 உள்ளூர் மன்றங்களும் மையத்திலுள்ள பழைய ‘சிட்டி’ நிர்வாகமும் வைத்திருக்கின்றன. ஸ்விஸ் காட்டேஜிலிருந்து வரவிருந்த பாதையை வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் 2018இல் நீதிமன்றம் சென்று நிறுத்தியது. 2020 இலையுதிர்காலத்தில் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் போட்ட தற்காலிகத் தடத்தை, சில வாரங்களிலேயே உள்ளூர் மன்றம் பெயர்த்தெடுத்தது. சைக்கிளில் வருபவர் அங்கே பாதுகாப்பான தடத்திலிருந்து நேராகப் பேருந்துகளுக்கு நடுவே போய் விழுகிறார்.

2016இல் ஏறக்குறைய 90 கிலோமீட்டராக இருந்த தரமான பாதைகள் 2024இல் 400 கிலோமீட்டரைத் தாண்டின. அந்த ஆண்டு நாளொன்றுக்குச் சுமார் 13 லட்சம் சைக்கிள் பயணங்கள் நடந்தன. சிட்டி பகுதியில் பகல் நேரத்தில் கார்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். ஆனாலும் அப்போது லண்டன்வாசிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேரே அத்தகைய பாதைக்கு 400 மீட்டருக்குள் வசித்தார்கள். 2041க்குள் அதை 70 சதவீதமாக்குவதும், சாலை மரணங்களை முற்றிலும் ஒழிப்பதும் மேயரின் அறிவிக்கப்பட்ட இலக்குகள். அதற்கான சாலைகள் பெரும்பாலும் வெளிப்புறப் பகுதிகளில், உள்ளூர் மன்றங்களின் கையில் இருக்கின்றன.