குறட்டையும் உயர் இரத்த அழுத்தமும்

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. ஆனால், ஓயாது உரத்துக் குறட்டை விடுவோரில் ஒரு பகுதியினர் உண்மையில் சரிவர உறங்குவதேயில்லை. அவர்களுடைய இரத்த அழுத்தமும் உயரக்கூடும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன ஆடவரில் 24 சதவீதத்தினருக்கும் பெண்டிரில் 21 சதவீதத்தினருக்கும் இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அல்லது அவர்கள் அதற்கு மருந்து உட்கொண்டு வந்தனர். எனவே, இது பொதுச் சுகாதாரத் திட்டங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய பொருளாகும்.

தடைபடும் மூச்சு

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மூச்சுப்பாதை குறுகும்போது எழும் அதிர்வே குறட்டை. சிலருக்கு அப்பாதை முற்றிலும் அடைபட்டு, 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றுவிடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை விழிப்பூட்ட, மூச்சுத் திணறலுடன் பாதை திறக்கிறது. உறங்குபவர் இதனைப் பெரும்பாலும் அறிவதில்லை.

ஒவ்வொரு தடையின்போதும் நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அழுத்தம் திடீரென ஏறுகிறது. இயல்பாக இரவில் 10 முதல் 20 சதவீதம் வரை தாழ வேண்டிய அழுத்தம் தாழ்வதில்லை. நாளடைவில் பகலிலும் அது உயர்ந்தே நிற்கிறது.

ஆய்வுகள் காட்டுவது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 709 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000இல் வெளியாயிற்று. மணிக்கு 15 முறையோ அதற்கு மேலோ மூச்சுத் தடைபட்டவர்களுக்கு, தடையே இல்லாதவர்களைவிட, நான்காண்டுகளுக்குப் பின் உயர் இரத்த அழுத்தம் காணப்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. உடற்பருமன் போன்ற பிற காரணங்களைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு நீடித்தது.

இந்தியாவில் வயது வந்தோரில் சுமார் 11 சதவீதத்தினருக்கு இந்நோய் இருக்கலாமென, புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வு மதிப்பிட்டது. இது 10 கோடிக்கு மேற்பட்ட மக்களைக் குறிக்கும்.

செலவும் சிகிச்சையும்

1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய முறையில், முகமூடி வழியே அழுத்தமுள்ள காற்று செலுத்தப்பட்டு மூச்சுப்பாதை திறந்தே வைக்கப்படுகிறது. இக்கருவியின் விலை பல்லாயிரம் ரூபாய். மேலும், இதனால் குறையும் இரத்த அழுத்தம் சராசரியாக 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவே. எனவே, இது மருந்துக்கு மாற்றன்று, துணையே. எடைக் குறைப்பு, மது தவிர்ப்பு, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தல் ஆகியவை செலவற்ற வழிகள்.

செய்யத்தக்கது

உறக்க ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. அனைவரையும் அங்கு அனுப்புவது இயலாது, தேவையும் இல்லை. ஆனால், இரத்த அழுத்தம் அளக்கும் ஊழியர் மூன்று வினாக்களைக் கேட்கலாம்: உரத்த குறட்டை உண்டா? உறக்கத்தில் மூச்சு நிற்பதை வீட்டார் கண்டதுண்டா? பகலில் அடக்கவியலாத தூக்கம் வருகிறதா? இவற்றுக்குப் பொருள் செலவு ஏதுமில்லை. மூன்று வகை மருந்துகளை முறையாக உட்கொண்டும் அழுத்தம் தணியாதவரிடமும், இரவில் கனரக வாகனம் ஓட்டுபவரிடமும் இவ்வினாக்களைக் கட்டாயம் கேட்டல் வேண்டும். முன்னவரைப் பொறுத்தவரை, மருந்தின் அளவைக் கூட்டுமுன் அவரது உறக்கத்தை ஆராய்வதே நோயாளிக்கும் அரசின் மருந்துச் செலவுக்கும் நலம் பயக்கும்.