கண்ணாடி ஏற மறுக்கிறதா? டோர் பேடை நீங்களே கழற்றலாம்!

ஐப்பசி அடைமழை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் மூட்டைகளோடு விடியற்காலையில் கிளம்ப வேண்டிய லோடு வண்டியில், டிரைவர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிடுகிறது. ரிப்பேர் கடைக்குப் போனால் ஒரு நாள் போய்விடும். பறித்த காய் வீட்டிலேயே வாடும். கையால் சுற்றும் கண்ணாடியாக இருந்தால், கதவின் உள்பக்க அட்டையை, அதாவது டோர் பேடை, வாசலிலேயே கழற்றிப் பார்த்துவிடலாம்.

முதலில் கண்ணாடி சுற்றும் ஹேண்டில். அதன் நடுவில் ஸ்க்ரூ இல்லையென்றால், பின்னால் லாட வடிவில் ஒரு சின்னக் கம்பி லாக் இருக்கும். பழைய வேட்டித் துணியை ஹேண்டிலுக்கும் பேடுக்கும் நடுவே நுழைத்து, இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் லாக் தெறித்து வரும். எங்கே விழுகிறது என்று ஒரு கண் இருக்கட்டும்.

அடுத்து, கைப்பிடியிலும் கதவு திறக்கும் லீவரைச் சுற்றியும் உள்ள ஸ்க்ரூக்கள். சில, சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். பிறகு கீழ் மூலையில் தட்டையான மரச்சீவலை நுழைத்து, கிளிப் இருக்கும் இடத்தை ஒட்டியே நெம்ப வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் பேடு உடையும். எல்லாக் கிளிப்பும் விட்டதும் மேல்நோக்கித் தூக்கினால் வந்துவிடும். பவர் விண்டோ வண்டியில் முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். கதவில் ஏர்பேக் இருந்தால் கை வைக்கவே வேண்டாம்.

பேடுக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் தாள் ஒட்டியிருக்கும். 'இது எதுக்கு?' என்று கிழித்தெறிபவர்கள்தான் அதிகம். தப்பு அங்கேதான் நடக்கிறது. கண்ணாடி இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் எப்போதும் இறங்கும். அது கேபினுக்குள் வராமல், கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேற வைப்பது இந்தத் தாள்தான். பதமாக உரித்து வைத்து, திரும்ப ஒட்டுங்கள். வைக்கோல் தூசியும் மண்ணும் அந்தத் துளைகளை அடைத்திருக்கும், ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். கேபினிலேயே பொட்டாஷ் மூட்டை ஏற்றுபவர்களுக்கு இது இன்னும் அவசியம். அதிலுள்ள குளோரைடு உப்பு, ஈரத்தோடு சேர்ந்தால் தகட்டைச் சீக்கிரம் அரித்துவிடும்.

கண்ணாடி மெஷினின் போல்ட்டைத் தொடுவதற்கு முன், கண்ணாடியைத் தூக்கி டேப் போட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தடாலென்று இறங்கும். உள் தகட்டின் ஓரம் கத்தி மாதிரி, கையுறை அவசியம். ரோலர் தடத்தைவிட்டு நழுவியிருந்தாலோ, கிரீஸ் காய்ந்திருந்தாலோ வேலை சுலபம். பல் தேய்ந்திருந்தால் புது மெஷின்தான்.

பேடை மாட்டுவதற்கு முன்பே ஹேண்டிலைச் செருகி, கண்ணாடி முழுக்க ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாக, லாக்கை ஹேண்டிலில் முதலிலேயே மாட்டிக்கொண்டு, உள்ளங்கையால் 'டக்'கென்று அமரும்வரை அழுத்தினால் போதும்.