ஆடும் கதிரையை எறிந்துவிடாதீர்கள்

வீட்டில் ஒரு மரக்கதிரை ஆடத் தொடங்கினால் நாங்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். மூட்டிலே ஓர் ஆணியை அடிக்கிறோம். இல்லாவிட்டால் கோடிப்புறத்தில் போட்டுவிட்டு, கடன்பட்டுப் புதியது வாங்குகிறோம். இரண்டுமே நட்டம்தான்.

கையால் செய்த தளபாடங்களில் ஒரு சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றச் சட்டத்தின் துளைக்குள் இறுக்கியிருப்பார்கள். வெட்டிய மரமும் ஈரத்தை உறிஞ்சும், விடும். மாரியில் ஊதும், சோளகம் வீசும் காலத்தில் சுருங்கும். நீளப்பாட்டில் இந்த மாற்றம் மிகக் குறைவு, குறுக்குப்பாட்டில்தான் அதிகம். அதனால் கழுந்து மெலிந்து மூட்டில் இடைவெளி விழுகிறது. நன்றாகக் காயாத மரத்தில் செய்த தளபாடங்களில் இது விரைவிலேயே தெரியவரும்.

வன்னியில் நான் சந்தித்த ஒரு தாயிடம் இப்படியொரு வேப்பமரக் கதிரை இருந்தது. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். "இது அவர் தன்ர கையால செய்தது பிள்ளை, எறிய மனம் வருகுதில்லை" என்றார். யாரோ அடித்த ஆணியால் கழுந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. உளியைக் கொடுத்தபோது, "பொம்பிளையள் உளி பிடிக்கிறதே?" என்று தயங்கினார். அரிவாளும் மண்வெட்டியும் பிடித்துக் குடும்பத்தைத் தாங்கிய கை அது. அன்று இருவருமாக அந்தக் கதிரையைத் திருத்தினோம்.

செய்முறை இதுதான். மரம் காய்ந்திருக்கும் கோடையில் இந்த வேலையைச் செய்யுங்கள். எந்தச் சட்டம் எந்தத் துளைக்குரியது என்று சோக்கால் அடையாளமிட்டு, ஆணி இருந்தால் பிடுங்கி, துணி சுற்றிய கட்டையால் மெல்லத் தட்டிக் கழற்றுங்கள். பழைய பசையை முழுவதும் சுரண்டுங்கள். அதன்மேல் புதுப்பசை ஒட்டாது.

கடதாசி அளவு இடைவெளிக்கு வெள்ளை மரப்பசை மட்டும் போதும். அதைவிடப் பெரிதானால், அதே இன மரத்தில் மெல்லிய சீவல் எடுத்து, நார் ஒரே திசையில் இருக்கும்படி கழுந்தின் பக்கத்தில் ஒட்டுங்கள். காய்ந்தபின், கையால் அழுத்தினால் துளைக்குள் இறங்கும் அளவுக்குத் தேயுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் துளை வெடிக்கும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது வெளிப்பார்வைக்கு மட்டும்தான். பாரத்தை அது தாங்காது.

பசை பூசிப் பொருத்தியபின் கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, இடையில் தடியைச் செருகி முறுக்குங்கள். வழியும் பசையை ஈரத்துணியால் துடையுங்கள். சமதரையில் வைத்து நான்கு கால்களும் படிகின்றனவா எனப் பாருங்கள். ஒரு நாள் முழுவதும் யாரும் இருக்கக்கூடாது.

கழுந்து முறிந்திருந்தாலோ கறையான் அரித்திருந்தாலோ தச்சரிடம்தான் கொண்டுபோக வேண்டும். அப்போதும், "ஆணி அடிக்க வேண்டாம் அண்ணை, கழுந்தை மாற்றித் தாருங்கள்" என்று சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலை தெரிந்தவரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.