ஜூமைக் கேட்காதீர்கள், துளையைக் கேளுங்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “125 மடங்கு ஜூம் உள்ள பெரிய கேமரா ஒன்று, ஜூமே இல்லாத, ஆனால் பெரிய சென்சார் வைத்த சட்டைப்பைக் கேமரா ஒன்று. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதை வாங்குவது?”

கேள்வி சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறது. நிக்கான் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட கூல்பிக்ஸ் பி1000 கேமராவின் அதே 125 மடங்கு லென்ஸை வைத்து, 2025 பிப்ரவரியில் பி1100 என்ற மாடலை அறிவித்தது. இடையில் ஏழு ஆண்டுகள் ஓடியும் லென்ஸின் அளவுகள் மாறவில்லை. அது ஏன் என்று யோசித்தால் வாசகரின் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். எதிர்த் தரப்புக்கு 2019-ல் வந்த ரிக்கோ ஜி.ஆர். 3-ஐ எடுத்துக்கொள்வோம். பி1000-ன் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. ரிக்கோ 257 கிராம்.

முதலில் அந்த 125-ஐப் பார்த்துவிடலாம். பி1000 லென்ஸின் முன்வளையத்தில் 4.3-539 மி.மீ. என்று பொறித்திருக்கும். குவியத் தூரத்தின் மேல் எல்லையைக் கீழ் எல்லையால் வகுத்தால் 125. அவ்வளவுதான். எவ்வளவு தூரத்தில் இருப்பது தெரியும் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘3000 மி.மீ.’ என்பதும் லென்ஸின் அளவு அல்ல. இதே காட்சியை முழு அளவு சென்சாரில் பிடிக்க எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டியிருக்கும் என்ற ஒப்பீட்டுக் கணக்கு. சென்சார் சின்னது என்பதால்தான் 539 மி.மீ. லென்ஸ் 3000 வேலையைச் செய்கிறது. பி1000-ன் சென்சார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம், பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். ரிக்கோவில் இருப்பது ஏ.பி.எஸ்-சி சென்சார், பரப்பு சுமார் 366. பதின்மூன்று மடங்கு.

‘அப்படியானால் பெரிய சென்சார்தான் சிறந்தது’ என்று பலரும் இந்த இடத்திலேயே தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. இன்னொரு எண்ணையும் பாருங்கள். அகலக் காட்சியில் பி1000-ன் அப்பர்ச்சர் 2.8. ரிக்கோவின் அப்பர்ச்சரும் 2.8. இரண்டிலும் ஒரே ஷட்டர் வேகம், ஒரே ஐ.எஸ்.ஓ. வைத்தால் படத்தின் வெளிச்சமும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் கார்த்திகை தீபத்தன்று திண்ணையில் வரிசையாக ஏற்றிய அகல்களை இரண்டிலும் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒன்றில் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு வழவழப்பாகத் தெரியும். மற்றதில் அதே சுவரில் மணல் தூவியது போன்ற சொரசொரப்பு இருக்கும். எண் ஒன்று, படம் வேறு. இது எப்படி?

அப்பர்ச்சர் எண் ஒரு விகிதம் என்பதில் இருக்கிறது விடை. குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் துளையின் உண்மையான விட்டம் கிடைக்கும். பி1000-ல் 4.3-ஐ 2.8-ஆல் வகுத்தால் 1.5 மி.மீ. ரிக்கோவில் 18.3-ஐ 2.8-ஆல் வகுத்தால் 6.5 மி.மீ. பரப்பில் பார்த்தால் ஏறத்தாழ 18 மடங்கு வித்தியாசம். அதே அகல் சுடரிலிருந்து, அதே நேரத்தில், ரிக்கோவுக்குள் 18 மடங்கு அதிக ஒளி போகிறது. ஒளி ஃபோட்டான்களாக, அதுவும் ஒழுங்கில்லாமல் வருகிறது. நூறு வர வேண்டிய இடத்தில் பத்து கூடலாம், குறையலாம். பத்தாயிரம் வர வேண்டிய இடத்தில் நூறுதான் கூடும், குறையும். முதலாவதில் பிசகு பத்து சதவீதம், இரண்டாவதில் ஒரு சதவீதம். சுவரில் தெரிந்த சொரசொரப்பு இந்தப் பிசகுதான். நல்ல கைபேசிகளின் முதன்மைக் கேமராவில் இந்தத் துளை 4 மி.மீ.க்கு அருகில் இருக்கிறது. அதாவது, 1.4 கிலோ எடையுள்ள கேமராவை அகலக் காட்சியில், மங்கிய வெளிச்சத்தில், சட்டைப்பையில் இருக்கும் கைபேசியே தோற்கடித்துவிடும்.

சரி, சின்னச் சென்சாருக்கும் 6.5 மி.மீ. துளை போட்டுவிட்டால் என்ன? 4.3 மி.மீ. குவியத் தூரத்துக்கு அந்தத் துளை வேண்டுமென்றால் அப்பர்ச்சர் எண் 0.66 ஆக வேண்டும். ஸ்டான்லி குப்ரிக் தன் ‘பேரி லிண்டன்’ (1975) படத்தின் மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகளுக்கு, நாசாவுக்காகச் செய்யப்பட்ட ஸைஸ் லென்ஸைத் தேடிப் பிடித்தார். அதன் எண்ணே 0.7-தான். காற்றில் இயங்கும் லென்ஸுக்குக் கோட்பாட்டளவில் எல்லை 0.5. இந்த இடத்தில்தான் பெரிய சென்சார் தன் விலையை நியாயப்படுத்துகிறது. அகலமான காட்சிக்கு அகலமான துளையைச் சாதாரண லென்ஸோடு வைத்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. சென்சாருக்கென்று தனி மந்திரம் எதுவும் இல்லை.

இப்போது ஜூமை முழுவதுமாக நீட்டுங்கள். பி1000-ன் அப்பர்ச்சர் 8 ஆகிறது. 539-ஐ 8-ஆல் வகுத்தால் 67 மி.மீ. அகலக் காட்சியில் 1.5 மி.மீ. துளை வைத்திருந்த அதே கேமரா இப்போது 67 மி.மீ. வாயைத் திறந்து நிற்கிறது. அந்தப் பெரிய உருளைக்கும் கனமான முன்கண்ணாடிக்கும் காரணம் இதுதான்.

தொலைவில் இருப்பதைப் பார்க்க அகலமான துளை ஏன் வேண்டும்? வெளிச்சம் மட்டும் காரணமல்ல. விளிம்பு விளைவைப் பள்ளியில் படித்திருப்போம். கேமராவுக்குள் அது செய்கிற வேலையை நின்று பார்க்க வேண்டும். ஒரு விண்மீனின் ஒளி அலை லென்ஸின் வாய் முழுவதையும் நிரப்பிக்கொண்டு நுழைகிறது. இடது ஓரத்தில் நுழைந்ததும், வலது ஓரத்தில் நுழைந்ததும், நடுவில் நுழைந்ததும் சென்சாரின் ஒரே புள்ளியில் ஒரே தாளத்தில் வந்து சேரும்படி கண்ணாடிகளை இழைத்திருக்கிறார்கள். அங்கே முகட்டோடு முகடு சேர்ந்து வெளிச்சம் உண்டாகிறது. அந்தப் புள்ளியிலிருந்து இம்மியளவு பக்கவாட்டில் நகர்ந்தால், ஓர் ஓரத்திலிருந்து வரும் ஒளிக்குப் பாதை சற்றுக் குறைகிறது. மறு ஓரத்திலிருந்து வருவதற்குச் சற்றுக் கூடுகிறது. நகர நகர இந்த வித்தியாசம் வளர்கிறது. ஓர் அலைநீளத்தைச் சற்றே தாண்டும்போது (வட்டத் துளைக்கு 1.22) துளையின் ஒரு பகுதி அனுப்பும் முகடுகளை இன்னொரு பகுதி அனுப்பும் அகடுகள் அழித்துவிடுகின்றன. அங்கே இருட்டு, விண்மீனின் பொட்டு அதோடு முடிகிறது. துளை அகலமாக இருந்தால், இரு ஓரங்களும் விலகி நிற்பதால், சிறு நகர்விலேயே இந்த வித்தியாசம் வந்துவிடும். குறுகலாக இருந்தால் வெகுதூரம் நகர வேண்டும். எனவே துளை சுருங்கினால் பொட்டு பருக்கிறது. கண்ணாடியை எவ்வளவு குறையில்லாமல் இழைத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

இந்தப் பொட்டின் கணக்கை 1835-ல் ஜார்ஜ் ஏரி போட்டார்; இரண்டு பொட்டுகள் எவ்வளவு நெருங்கினால் ஒன்றாகக் கலந்துவிடும் என்ற வரையறையை 1879-ல் ராலே பிரபு கொடுத்தார். வரலாறு இவ்வளவு போதும். இந்தக் கணக்கு ஒவ்வொரு கேமராவிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிக்சல்கள் தரையில் வைத்த புள்ளிகள். ஒளி, விரலிடுக்கிலிருந்து விழும் மாவு. குவியத் தூரம், மாவு விழும் உயரம். குனிந்து போட்டால் இழை மெல்லியதாக விழும். நின்றபடி விட்டால் பரவும். பி1000 முழு ஜூமில் 539 மி.மீ. உயரத்திலிருந்து மாவை விடுகிறது. தரையிலோ 1.34 மைக்ரானுக்கு ஒன்று என்று புள்ளிகளை நெருக்கி வைத்திருக்கிறார்கள். பச்சை ஒளிக்குப் பொட்டின் விட்டம் 10.7 மைக்ரான். ஒரு சிட்டிகை விழுந்தால் எட்டுப் புள்ளி அகலத்தை மூடிவிடுகிறது. புள்ளிகளை இன்னும் நெருக்கி வைப்பதால் சிக்கு பிரிந்து தெரியப்போவதில்லை. மாவு தட்டுப்பாடான நாளில் இன்னொரு சங்கடமும் உண்டு. புள்ளிக்குப் பத்துத் துகள் என்று தூவினால் ஒன்றில் ஏழு விழும், ஒன்றில் பதின்மூன்று விழும், கோலம் திட்டுத்திட்டாகிவிடும். இரவுப் படத்தின் கதை அதுதான். ஒரே ஓர் இடத்தில் கோலம் ஒளிக்கு நேர் எதிர். மாவில் விரலிடுக்கைச் சுருக்கினால் இழை மெலியும். ஒளியில் துளையைச் சுருக்கினால் பொட்டு பருக்கும்.

ஆகவே மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். முழு ஜூமில் இந்தத் துளை உள்ளே விடும் நுணுக்கம் முழுவதையும் பிடித்துவைக்கச் சுமார் 6 மெகாபிக்சல் போதும். பி1000-ல் 16 இருக்கிறது. அதற்கு மேல் 40 வைத்தாலும் புதிதாக ஒரு மயிரிழைகூடத் தெரியாது. ஏழு ஆண்டுகள் கழித்தும் அதே லென்ஸ் வந்ததன் பின்னணியும் இதுதான். இன்னும் நீட்ட வேண்டுமென்றால் துளையை அகலமாக்க வேண்டும். துளை அகலமானால் முன்கண்ணாடி பெருக்கும், எடை ஏறும், கையில் தூக்கும் கேமராவாக அது இருக்காது. லென்ஸின் எல்லைக்கு அப்பால் ‘டிஜிட்டல் ஜூம்’ என்று கொடுப்பதெல்லாம் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான்.

67 மி.மீ. துளை என்ன தருகிறது என்பதை நிலவில் பார்க்கலாம். முழு ஜூமில் நிலவு பி1000-ன் சட்டத்தின் உயரத்தையும் மீறி நிற்கும். அந்தத் துளையால் நிலவில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பவற்றைப் பிரித்துக் காட்ட முடியும். ரிக்கோவிலோ நிலவு சுமார் 42 பிக்சல் அகலமுள்ள பொட்டு; ஒரு பிக்சலுக்கு 82 கிலோமீட்டர். 85 கிலோமீட்டர் விட்டமுள்ள டைகோ என்ற பெரும்பள்ளம் முழுவதும் அதில் ஒரே பிக்சல்.

வேடந்தாங்கலின் பார்வைக் கோபுரத்தில் நிற்பவருக்கும் இதே கணக்குதான். 100 மீட்டர் தள்ளிக் கிளையில் 16 சென்டிமீட்டர் நீளச் சிறு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிக்கோவின் படத்தில் அது ஏழெட்டுப் பிக்சல் நீளமுள்ள நீலக் கறை. பி1000-ல் அதே பறவை அறுநூறு பிக்சலுக்கு மேல் நீண்டிருக்கும், 1 மி.மீ. நுணுக்கம் வரை பிரிந்து தெரியும். ஆனால் எட்டு என்ற அப்பர்ச்சர் எண்ணுக்கு நல்ல வெயில் வேண்டும். பொழுது சாய்ந்து பறவைகள் கூடு திரும்பும் நேரத்தில் இந்தக் கேமரா திணறும். நடுப்பகலிலோ ஏரிக்கு மேல் கானல் எழுந்து, துளை கொடுத்த நுணுக்கத்தைக் காற்று கலைத்துவிடும். காலை ஏழிலிருந்து ஒன்பது வரைதான் இதற்கு ஏற்ற நேரம்.

கைபேசி விளம்பரங்களில் ‘100 மடங்கு ஜூம்’ என்று பார்க்கும்போதும் துளையை நினைத்துக்கொள்ளுங்கள். சில மில்லிமீட்டர் துளைக்குள் நிலவின் சிறுபள்ளங்களைப் பற்றிய தகவல் நுழையவே முடியாது. அப்படியும் அவை படத்தில் கூர்மையாகத் தெரிந்தால், அவை அந்தத் துளை வழியாக வந்தவை அல்ல. தன் கைபேசி கேமராவின் மென்பொருள் நிலவை அடையாளம் கண்டுகொண்டு, கற்றுக்கொடுக்கப்பட்ட மாதிரியைக் கொண்டு விவரங்களை மெருகேற்றுகிறது என்பதை 2023-ல் சாம்சங் நிறுவனமே விளக்கியது. அழகான படமாக இருக்கலாம். உங்கள் மொட்டைமாடியிலிருந்து அந்த நிமிடம் தெரிந்த நிலவின் பதிவாக அதைக் கொள்ள முடியாது.

இரண்டுக்கும் நடுவே நிற்பவையும் உண்டு. சோனி ஆர்.எக்ஸ்.10 வரிசையின் நான்காம் மாடல் (2017) 8.8-220 மி.மீ. லென்ஸும் 2.4-4 அப்பர்ச்சரும் கொண்டது. வகுத்துப் பாருங்கள். அகலக் காட்சியில் 3.7 மி.மீ.; முழு ஜூமில் 55 மி.மீ. ஜூம் வெறும் 25 மடங்குதான். ஆனால் துளை 67-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 125-க்கும் 25-க்கும் இடையே கடையில் தெரிகிற இடைவெளி, லென்ஸின் வாயில் அவ்வளவு பெரிதாக இல்லை.

வாசகருக்கு என் பதில் இது. பறவை, நிலவு, மைதானத்தின் மறுகோடி என்று தொலைவில் இருப்பதையும் வெயிலில் இருப்பதையும் எடுப்பவர் நீங்கள் என்றால், சின்னச் சென்சார் என்ற ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் பெரிய ஜூம் கேமராவை வாங்குங்கள். அந்த விலையில், அந்த எடையில் 67 மி.மீ. துளை வேறெதிலும் சுலபத்தில் கிடைக்காது. வீடு, மனிதர்கள், தெரு, விளக்கு வெளிச்சம் என்றால் பெரிய சென்சார் வைத்த சின்னக் கேமராவே உங்களுக்கானது. ஜூம் இல்லையே என்று வருந்த வேண்டாம், நடந்து கிட்டே போய்விடலாம். எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் லென்ஸின் முன்வளையத்தில் உள்ள எண்களைப் படியுங்கள். மில்லிமீட்டரை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் மடங்கையும் மெகாபிக்சலையும் அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.