கவுன்சிலர் ஆகணுமா? முதல்ல உங்க ஊர் பட்ஜெட்டைப் படிங்க!

தெருவிளக்கு எரியல, சாக்கடை வழியுது, குடிதண்ணி நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருது... இதையெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டு அலுத்துப்போயி, 'பேசாம நாமளே எலெக்‌ஷன்ல நின்னா என்ன?'ன்னு உங்களுக்குத் தோணியிருக்கா? தாராளமா நிக்கலாம். ஆனா, அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கவேண்டிய சில விஷயங்கள் இருக்கு.

யார் நிற்கலாம்?

21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கட்சி சீட்டு கட்டாயமில்லை, சுயேச்சையாகவும் நிற்கலாம். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் பேரூராட்சி வார்டுக்கான டெபாசிட் 1,000 ரூபாய்தான். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. தமிழ்நாட்டில் 50 சதவிகித இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அதனால், உங்க வார்டு யாருக்கான வார்டு என்பதை முதலில் பாருங்க. அந்தத் தேர்தலில் ஜெயித்த ஆர்.பிரியா, 28 வயதில் சென்னை மேயரானார்.

எதை வாக்குறுதியா கொடுக்கலாம்?

தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், உள்ளூர்ச் சாலை, பூங்கா, சுடுகாடு... இதெல்லாம் உள்ளாட்சியின் வேலை. கரன்ட் கட் மின்வாரியத்தின் கணக்கு. ரேஷன் கடையும் டாஸ்மாக்கும் உங்க மன்றத்தின் கையில் இல்லை. 'டாஸ்மாக்கை மூடுவேன்' என்று சொல்லி ஓட்டு வாங்கினால், அடுத்த ஐந்து வருஷமும் அதற்கு பதில் சொல்ல வேண்டியிருக்கும்!

காசு எவ்வளவு இருக்கு?

உள்ளாட்சியின் சொந்த வருமானம் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தை ஏலம் போன்றவை. மீதி, அரசு தரும் மானியம். ஒன்றிய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியை குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கு மட்டுமே செலவழிக்க முடியும்.

ஒரு பேச்சுக்கு, உங்க பேரூராட்சியின் ஆண்டு வருமானம் 2 கோடி ரூபாய்னு வெச்சுக்குவோம். சம்பளம், தெருவிளக்கு மின்கட்டணம், குப்பை அள்ளுறது, மோட்டார் பராமரிப்புன்னு 1.55 கோடி போயிடுது. மிச்சம் 45 லட்சம். 18 வார்டுக்குச் சமமா பிரிச்சா, உங்க வார்டுக்கு 2.5 லட்சம். இப்போ சொல்லுங்க, எத்தனை தெருவுக்கு ரோடு போடுவீங்க? 'சொத்து வரியைக் குறைப்பேன்'னு சொல்றதா இருந்தா, எந்தச் செலவை வெட்டப்போறீங்க?

உங்க ஊரின் உண்மையான கணக்கை வாங்குறது கஷ்டமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் பேரூராட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்க. மூன்று வருஷ வரவு செலவு, வரி பாக்கி, உங்க வார்டில் நடந்த வேலைகளின் பட்டியல் ஆகியவற்றைக் கேளுங்க. 30 நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். நகல்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

ஜெயிச்ச பிறகு?

தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட்டும் தீர்மானங்களும் மன்றத்தின் ஓட்டில்தான் நிறைவேறும். 18 பேரில் நீங்க ஒருத்தர், உங்க கையில் இருப்பது ஒரே ஒரு ஓட்டு. வடிகால் வேணும்னா இன்னும் ஒன்பது பேரைச் சம்மதிக்க வைக்கணும். பக்கத்து வார்டு கவுன்சிலர் வேற கட்சியா இருந்தாலும், அவர் தெருத் தண்ணியும் அதே வடிகாலில்தான் ஓடுதுன்னு எடுத்துச் சொல்லத் தெரியணும். வருமானத்தை நம்பி வர்ற வேலையும் இல்லை இது. 2023 ஜூலை முதல் பேரூராட்சி உறுப்பினருக்கான மதிப்பூதியம் மாதம் 2,500 ரூபாய்.

2022 மார்ச்சில் பதவியேற்றவர்களின் ஐந்தாண்டு காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. நிற்கிற எண்ணம் இருந்தால் வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் பாக்கியில்லாமல் கட்டிவிடுங்க. அப்புறம் வார்டை ஒரு சுற்று சுற்றி, எரியாத விளக்குகளை எண்ணி எழுதுங்க. நிற்கலைன்னாலும் பரவாயில்லை, ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட அந்தப் பட்டியலை நீட்டி, 'இதுக்குக் காசு எங்கிருந்து வரும்?'னு கேளுங்க!