கோடி ரூபாய் ஸ்பீக்கர்... 7 நிமிடத்தில் தீர்ப்பு! - ஹை-ஃபை கண்காட்சிகளில் காதுகள் போடும் மார்க்

அது ஒரு ஹோட்டல் அறை. ஆனால், உள்ளே கட்டில் இல்லை. மெத்தை, மேஜை, டி.வி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார்கள். கட்டில் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். நடுவில் ஓர் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் மெதுவாகச் சுழலும் டர்ன்டேபிள். எதிரே பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள். கதவருகே பத்துப் பேர் நின்றுகொண்டே கேட்கிறார்கள். பக்கத்து அறையில் யாரோ ராக் மியூசிக் போட, சுவர் வழியே 'தும் தும்' என்று அதுவும் சேர்ந்து வருகிறது.

இந்த நிலைமையில்தான், ஒரு வீட்டின் விலைக்கு விற்கும் ஸ்பீக்கர் 'நல்லா இருக்கா, இல்லையா' என்று எடை போடப்படுகிறது.

அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகே உள்ள ஷாம்பர்க்கில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் நடக்கும் 'ஆக்ஸ்போனா' கண்காட்சியில் இது வழக்கமான காட்சி. ஒரே ஹோட்டலில் 200-க்கும் மேற்பட்ட அறைகளில் இசை ஒலிக்கும். கண்காட்சி நடப்பதோ மூன்றே நாள்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 24 மணி நேரம்தான். எல்லா அறைகளையும் பார்த்துவிட நினைக்கும் ஒரு விமர்சகருக்கு ஓர் அறைக்கு 7 நிமிடம் கிடைக்கும். அதிலும் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம், நாற்காலி காலியாகக் காத்திருக்கும் நேரம் எல்லாம் போக, ஒரு முழுப் பாட்டுக்குக்கூட மிச்சம் இருக்காது.

விலையைக் கேட்டால் தலை சுற்றும்!

இந்தத் துறையில் விலைக்கு உச்சவரம்பு கிடையாது. அமெரிக்காவின் 'வில்சன் ஆடியோ' நிறுவனம் வெளியிட்ட 'வாம் மாஸ்டர் க்ரோனோசானிக்' ஸ்பீக்கர், ஜோடி 6,85,000 டாலர். நம்மூர்க் கணக்கில் ஐந்தரைக் கோடி ரூபாய்க்கும் மேல். மொத்தமே 70 ஜோடிகள்தான் தயாரிப்போம் என்று அறிவித்து விற்றார்கள்.

ஆனால், கண்காட்சியில் கடை விரிப்பவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் இல்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஷெட்டில் ஸ்பீக்கர் செய்யும் சின்ன நிறுவனங்களும் வருகின்றன. அறை வாடகை, விமான டிக்கெட், நூறு கிலோ பெட்டிகளை அனுப்பும் செலவு என ஆண்டு லாபத்தில் பெரும்பங்கை அந்த மூன்று நாள்களில் கொட்டிவிடுகிறார்கள். 'இந்தக் கண்காட்சியின் சிறந்த ஒலி' என்று ஒரு பத்திரிகை எழுதினால் ஆர்டர் குவியும். 'சுமார்' என்று எழுதினால் அடுத்த ஆண்டு அவர்கள் வருவார்களா என்பதே சந்தேகம்.

வாங்குபவருக்கும் ரிஸ்க் குறைவில்லை. இந்தப் பொருள்களை அடுக்கிவைத்துக் கேட்கவிடும் கடைகள் உலகம் முழுக்கவே குறைந்துவிட்டன. பல ஆண்டு சேமிப்பைப் போட்டு ஒரு செட் வாங்க நினைப்பவர், நேரில் கேட்டுப் பார்க்க இருக்கும் ஒரே இடம் பெரும்பாலும் கண்காட்சிதான்.

பாதி மார்க் அறைக்கு!

ஸ்பீக்கர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதன் சத்தம் காதுக்கு வருவதற்குள் அறை தன் வேலையைக் காட்டிவிடும். முக்கியமாக, பாஸ் எனப்படும் அடித்தொனியில்.

கணக்கு எளிது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. 5 மீட்டர் நீளமுள்ள அறையில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் ஒலி, சுமார் 34 ஹெர்ட்ஸில் ஒரு பெரிய அலையாக நின்றுவிடும். அந்த அலைக்குச் சுவர் ஓரத்தில் பலம் அதிகம். அறையின் நடுவில் ஏறக்குறைய பூஜ்யம். எனவே, பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தவர் 'பாஸ் இடி மாதிரி இருக்கு' என்பார். நடு நாற்காலியில் இருப்பவர் 'பாஸே இல்லையே' என்பார். இருவரும் கேட்டது ஒரே ஸ்பீக்கரைத்தான்!

ஸ்டீரியோவுக்கும் இதே கதி. பாடகி நடுவில் நின்று பாடுவதுபோலவும், பியானோ இடப்பக்கம் இருப்பதுபோலவும் தோன்ற வேண்டுமென்றால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் உட்கார வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி முதலில் வந்துசேரும். மூளை அதையே நம்பிவிடும். மொத்தக் கச்சேரியும் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். பன்னிரண்டு நாற்காலி போட்ட அறையில் உண்மையில் சரியான இடம் ஒன்றே ஒன்றுதான்.

ஜெர்மனியின் மியூனிக்கில் 2004 முதல் 2025 வரை நடந்த 'ஹை எண்ட்' கண்காட்சி, ஐரோப்பாவில் இந்தத் துறையின் திருவிழா. 20,000-க்கும் அதிகமானோர் வந்துபோவார்கள். அங்கே ஹோட்டல் அறைகளுக்குப் பதில் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய அறைகள். கண்ணாடியில் பட்டு உயர்தொனி எதிரொலிக்கும் என்பதால், நிறுவனங்கள் துணியும் பஞ்சுப் பலகைகளும் கொண்டுவந்து அறையை மூடுவதிலேயே முதல் நாளைச் செலவழிக்கும்.

சத்தம் கூடினால் சுகம்!

அடுத்த சிக்கல் வால்யூம். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றை ஒரே ஒரு டெசிபல் கூட்டி வைத்தால் போதும். 'சத்தம் அதிகம்' என்று யாருக்கும் தோன்றாது. 'இது தெளிவா இருக்கு' என்றுதான் தோன்றும். சத்தம் குறையும்போது அடித்தொனியும் உயர்தொனியும் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்கும் என்பதை, 1933-ம் ஆண்டிலேயே பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அடுத்த அறையை அமுக்குவதற்காக ஒவ்வொருவரும் வால்யூமைக் கூட்ட, மாலைக்குள் அந்த மாடியே அதிரும். அதற்குள் விமர்சகரின் காதும் களைத்துப்போய்விடும்.

போடும் பாட்டிலும் சூட்சுமம் உண்டு. ஒரு பெண் குரல், ஒரு டபுள் பாஸ், மெல்லிய பியானோ என்று ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் அழகாகவே கேட்கும். அதனால்தான் டயானா க்ராலின் பாடல்களும், ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா' 1994 மேடைப் பதிவும் கண்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஒலித்துத் தேய்ந்துபோயின. நூறு பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவைப் போடச் சொன்னால்தான் சாயம் வெளுக்கும்.

நூறாண்டு பழைய பந்தயம்

'அசலா, இயந்திரமா?' என்று காதுக்குச் சவால் விடுவது புதிதல்ல. 1915 முதல் எடிசனின் நிறுவனம் ஊர் ஊராக 'டோன் டெஸ்ட்' நடத்தியது. மேடையில் பாடகி பாடுவார். பக்கத்தில் அவருடைய இசைத்தட்டு சுழலும். விளக்கு அணையும். பாடுவது ஆளா, தட்டா என்று கூட்டம் திணறும். இயந்திரத்தின் குரலுக்கு ஏற்றபடி பாடகிகள் தங்கள் குரலை அடக்கி வாசித்தார்கள் என்பது பின்னாளில் தெரியவந்தது!

1954-ல் இங்கிலாந்தின் 'வார்ஃப்டேல்' நிறுவனர் கில்பர்ட் பிரிக்ஸ், லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நேரடி இசையையும் ஒலிப்பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார். ஹால் நிரம்பி வழிந்தது. அறுபதுகளில் அமெரிக்காவின் 'அக்கூஸ்டிக் ரிசர்ச்' நிறுவனம் ஒரு நால்வர் இசைக்குழுவை வைத்து இதையே செய்தது. இந்தப் பந்தயங்களில் ஒரு நேர்மை இருந்தது. ஒப்பிடுவதற்கு அசல் பக்கத்திலேயே இருந்தது. இன்றைய கண்காட்சி அறையில் அசல் இல்லை. விமர்சகரின் நினைவில் இருக்கும் இசைதான் ஒரே அளவுகோல்.

காது கேட்கிறதா, கண் கேட்கிறதா?

1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 'ஹார்மன்' நிறுவன ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். முதலில் திரைக்குப் பின்னால் வைத்து மார்க் போடச் சொன்னார்கள். பிறகு, ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்தபடி மார்க் போடச் சொன்னார்கள்.

திரை விலகியதும் மார்க் மாறியது. விலை உயர்ந்த பெரிய ஸ்பீக்கர்களுக்கு ஏறியது. சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கர்கள் கொண்ட மலிவான செட்டுக்கு இறங்கியது. திரைக்குப் பின்னால் இருந்தபோது பெரியவற்றோடு போட்டி போட்ட அதே செட்தான் அது! மார்க் போட்டவர்கள் எல்லோரும் இந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள் என்பதுதான் வேடிக்கை.

அதன் பிறகு ஹார்மன் ஒரு விசேஷ அறையே கட்டியது. ஒலியைத் தடுக்காத திரைக்குப் பின்னால், காற்றழுத்த இயந்திரம் சில நொடிகளில் ஒரு ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு அதே இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தும். இடம் ஒன்று, வால்யூம் ஒன்று, பெயர் தெரியாது. கண்காட்சியில் இந்த மூன்றுமே கிடையாது.

நம்பிக்கை காதை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம், 2022-ல் வெடித்த 'மொபைல் ஃபிடிலிட்டி' விவகாரம். டிஜிட்டல் கலப்பே இல்லாத ரெக்கார்டுகள் என்று ரசிகர்கள் நம்பி அதிக விலை கொடுத்து வாங்கியவற்றில் பெரும்பாலானவை, 2011-லிருந்தே ஒரு டிஜிட்டல் கட்டத்தைத் தாண்டி வந்தவை என்று தெரியவந்தது. வழக்கு, பணம் திருப்பித் தரும் சமரசம் வரை போனது. பத்து ஆண்டுகளாக அவற்றைக் கேட்டுப் புகழ்ந்த அனுபவசாலிக் காதுகள் எதுவும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. உண்மை வெளிவந்தது, ஒரு ரெக்கார்டு கடைக்காரர் கேட்ட கேள்வியால்!

நல்ல விமர்சகர் என்ன செய்கிறார்?

அப்படியென்றால் கண்காட்சி விமர்சனம் எல்லாமே வீணா? இல்லை. இந்தக் குறைகளைத் தெரிந்துகொண்டே வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள்.

தனக்கு மனப்பாடமான நான்கைந்து பாட்டுகளைக் கையோடு கொண்டுபோய், எல்லா அறைகளிலும் அதையே போடச் சொல்வது முதல் வழி. முதல் நாள் ஒரு முறை, கடைசி நாள் ஒரு முறை என இரண்டு தடவை கேட்பது அடுத்தது. முதல் நாள் இரைச்சலாக இருந்த அறை, நிறுவனத்தார் ஸ்பீக்கரை ஓர் அடி தள்ளிவைத்ததும் கடைசி நாளில் அடியோடு மாறியிருக்கும். நடு நாற்காலி கிடைக்கும்வரை கருத்து எழுதாமல் இருப்பது மூன்றாவது.

எல்லாவற்றுக்கும் மேல் எழுதப்படாத ஒரு விதி உண்டு. மோசமான அறையிலும் நன்றாக ஒலித்தால், அது அந்த ஸ்பீக்கரின் திறமைக்குச் சாட்சி. மோசமான அறையில் மோசமாக ஒலித்தால், அது எதற்கும் சாட்சி இல்லை. தப்பு யார் மீது என்றே சொல்ல முடியாது. எனவே, பலர் பிடித்ததை மட்டும் எழுதிவிட்டு மற்றதைப் பற்றி மௌனமாகிவிடுகிறார்கள்.

இது நியாயமான விதிதான். ஆனால், படிப்பவருக்கு இதில் ஒரு நஷ்டம் உண்டு. கண்காட்சி முடிந்து வரும் கட்டுரைகளில் பாராட்டு மட்டுமே இருக்கும். அதே நிறுவனங்களின் விளம்பரம் பக்கத்துப் பக்கத்திலேயே வரும்போது, மௌனத்துக்குக் காரணம் நேர்மையா, தயவா என்று வாசகரால் பிரித்துப் பார்க்க முடியாது.

அதனால்தான், பெரிய அங்கீகாரங்கள் பொதுவாகக் கண்காட்சி அறையோடு முடிவதில்லை. பல நாட்டுப் பத்திரிகைகள் சேர்ந்து ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கும் 'ஈசா' விருதுகள் அப்படித்தான். சாதனத்தைத் தங்கள் அறைக்கு வரவழைத்து, பொறுமையாகக் கேட்டு எழுதும் பத்திரிகைகள்தான் அங்கே வாக்களிக்கின்றன. 'ஸ்டீரியோஃபைல்' போன்ற பத்திரிகைகள், காதால் கேட்டவர் எழுதிய கட்டுரையோடு கருவியால் அளந்த வரைபடத்தையும் சேர்த்தே அச்சிடுகின்றன. காது பொய் சொன்னால் வரைபடம் காட்டிக்கொடுக்கும்.

நீங்கள் கடைக்குப் போனால்...

கோடி ரூபாய் ஸ்பீக்கருக்குச் சொன்னது, 8,000 ரூபாய் சவுண்ட்பாருக்கும் பொருந்தும். அடுத்த முறை ஷோரூமில் ஸ்பீக்கர் வாங்கும்போது இவற்றைச் செய்து பாருங்கள்:

* கடைக்காரர் போடும் டெமோ வீடியோ வேண்டாம். உங்களுக்கு வரிக்கு வரி தெரிந்த பாட்டை, உங்கள் மொபைலிலிருந்து போடச் சொல்லுங்கள்.

* மிருதங்கம், தவில், தெரிந்தவர் குரல் என நேரில் கேட்டுப் பழகிய ஒலி அந்தப் பாட்டில் இருக்கட்டும். அசல் எப்படி இருக்கும் என்பது உங்கள் காதுக்குத் தெரியும்.

* இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால், பிடித்ததன் வால்யூமைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

* சுவரை ஒட்டி நிற்காதீர்கள். இரண்டு அடி முன்னே, இரண்டு அடி பின்னே நகர்ந்து கேளுங்கள்.

* கூட வந்தவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிவிட்டு, நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். விலைச்சீட்டைக் கடைசியில் பாருங்கள்.

* வீட்டில் கேட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தர முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடைசியில் அது ஒலிக்கப்போவது உங்கள் ஹாலில்தான்.

ஷாம்பர்க்கில் ஞாயிறு மாலை கண்காட்சி முடிந்ததும், ஸ்பீக்கர்கள் மரப்பெட்டிக்குள் போகும், கட்டில்கள் அறைக்குத் திரும்பும். சிறந்த ஒலி எது என்ற பட்டியல்கள் ஓரிரு நாள்களில் வெளிவரும். அந்தப் பட்டியலைப் படிப்பவர்கள், அதில் இடம்பெறாத ஒரு நல்ல ஸ்பீக்கர் எங்கோ ஒரு மோசமான அறையில் மாட்டிக்கொண்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது!